வலக்கைக் கத்தி

நடந்தது இதுதான்:

1. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியாருக்குப் பிறந்தநாள் வந்தது. மீனில் முள் நீக்கிச் சதை எடுக்கும் கத்தியொன்றை, கடையில் வாங்காமல், சொல்லிச் செய்வித்துக் கொடுக்க முடிவெடுத்தேன்.

2. அதற்கு எந்த ஸ்டீல் நல்லது என்று தீர்மானிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

3. கத்தி செய்பவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு விநாடி பிடித்தது.

4. அந்தப் பதில் பிழை.

பட்டியல் போடுவது என் வியாதி என்று இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பட்டியலை மூன்று தடவை எழுதி அழித்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

முதலில் கத்தியின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில், சைவச் சாப்பாட்டு வீட்டில். யூட்டைக் கலியாணம் செய்த பிறகுதான் மீன் பழகினேன். கொட்டாஞ்சேனை வீட்டில் முதல் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டிலேயே தொண்டையில் முள். வெறும் சோறு உருட்டி விழுங்கு, வாழைப்பழம் விழுங்கு, சிலுவை போடு - மேசையில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பாரை மீன் முள்ளும் தோலும் இல்லாமல், ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்து என் தட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அப்படித்தான். மாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்த வீட்டில் நான் விருந்தாளி. சமையலில் உதவக் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "ஹோல்ல ஃபேனைப் போட்டு இருங்க மகள்" என்பார் மாமி. கலியாணமாகி மூன்று வருடமாகியும் எனக்கு ஃபேன்தான். குசினிக்குள் போக ஏதாவது ஒரு வழி வேண்டும்... நல்ல கத்தியைவிட நல்ல வழி உண்டா?

நான் படித்தது உலோகங்களைப் பற்றி. பிறகு கேட்க வேண்டுமா? கொட்டாஞ்சேனையில் கடற்காற்று. குசினியில் தேசிக்காய், புளி, உப்பு. கார்பன் ஸ்டீல் நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் துடைக்க மறந்தால் மறுநாள் துரு. சாதாரண ஸ்டெய்ன்லெஸ் துருப்பிடிக்காது, கூரும் நிற்காது. கடைசியில் சவர பிளேட் செய்வதற்கென்று உருவான ஒரு ஸ்டெய்ன்லெஸ் வகையைப் பிடித்தேன். மெல்லியதாக அடிக்கலாம், வளைந்து கொடுக்கும், உடையாது. எவ்வளவு கடினம் இருக்க வேண்டும் என்பதைக்கூட எண்ணோடு எழுதி அனுப்பினேன்.

விளிம்பும் என் தெரிவுதான். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டி, மறுபக்கத்தைத் தட்டையாக விடுவது. அப்படிப்பட்ட கத்தி தோலை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். ஒரேயொரு நிபந்தனை - சரிவு எந்தப் பக்கம் என்பது பிடிக்கும் கையைப் பொறுத்தது. கை மாறினால் கத்தி சொல்வழி கேட்காது, சதைக்குள் திரும்பிவிடும்.

ஹெந்தளையில் பட்டறை வைத்திருக்கும் அந்தத் தம்பி அதைத்தான் வாட்ஸ்அப்பில் கேட்டார். "அக்கா, பாவிக்கிறவங்க வலக்கையா, இடக்கையா?"

"வலது" என்று அனுப்பினேன். லிஃப்டுக்குள் நின்றுகொண்டு.

ஏன் சந்தேகம் வரவில்லை? மாமி வலக்கையால்தான் சாப்பிடுகிறார். வலக்கையால்தான் கறி போடுகிறார். கோயிலில் சிலுவை போடுவதும், என் பிறந்தநாள் அட்டையில் எழுதுவதும் வலக்கையால். மேசையிலிருந்து பார்க்கும் ஒருத்திக்கு வேறென்ன தெரியும்?

கத்தியைக் கண்டதும் மாமி முத்தமிட்டார். என்னையல்ல, கத்தியின் பெட்டியை. பிறகு என்னையும்.

இரண்டு ஞாயிறு கழித்து மாமியின் இடது பெருவிரலில் பிளாஸ்டர் இருந்தது. "பாரை முள்ளு குத்திட்டு மகள்" என்றார். நம்பினேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, யூட்டுக்கு நண்பர் பிள்ளையின் ஞானஸ்நானம். அவரைக் கோயிலடியில் இறக்கிவிட்டு, வழக்கத்தைவிட வெகு நேரத்தோடு நான் மட்டும் மாமி வீட்டுக்குப் போனேன். முன்கதவு திறந்திருந்தது. குசினியில் சத்தம்.

மாமி பலகைக்கு முன் நின்றிருந்தார். தேய்ந்துபோன பழைய கத்தி, இடக்கையில். வால் பக்கத்திலிருந்து தலைவரைக்கும் ஒரே இழுவை - சதை தனியாக வந்து விழுந்தது. அவ்வளவு அழகாக ஒரு வேலை நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டார். பழைய கத்தியை, மீன் சுற்றி வந்த பேப்பருக்குக் கீழே தள்ளினார். என்னுடைய கத்தியை எடுத்தார். வலக்கையில்.

"என்ன மகள், இவ்வளவு வேளைக்கே? ஹோல்ல ஃபேனைப் போட்டு..."

"மாமி, நீங்கள் இடக்கையா?"

"அது... வெட்டுறதுக்கு மட்டும்."

"வேற ஒண்டுக்கும் இல்லையா?"

"தேங்கா திருவ. பூட்டுத் தொறக்க. ஒங்க மாமாவுக்கு அந்தக் காலத்துல ரெண்டு குடுக்க." சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"விரலில முள்ளா குத்தினது?"

மாமி கத்தியைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியை.

"மொதல்ல இடக்கையால தான் பார்த்தேன். அது எங்கயோ ஒரு பக்கம் இழுத்துட்டுப் போகுது. பொறகு மற்றக் கையால பழகினேன். ஒரு நாள் வழுக்கிட்டு, அவ்வளவு தான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே மாமி."

"என்னத்தச் சொல்ல? நீங்க ராவு ராவா கண் முழிச்சி ஸ்டீல் பத்திப் படிச்சீங்களாம், யூட் சொன்னான். கை பிழை எண்டு சொன்னா ஒங்க மொகம் என்னாகும்?" பிறகு சாதாரணமாகச் சொன்னார். "சின்னதுல ஸ்கூல்ல சிஸ்டர் அடிச்சி அடிச்சித் தானே வலக்கையால எழுத வெச்சாங்க. அதுக்குப் பழகல்லயா? இன்னும் ஒரு மாசம் போனா இதுக்கும் பழகிரும் மகள்."

யாரோ ஒரு சிஸ்டர் பிரம்பால் செய்ததை, நான் மிக நல்ல ஸ்டீலில் செய்து, பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அந்த இடத்திலேயே ஹெந்தளைக்கு போன் எடுத்தேன். "தம்பி, சரிவை மற்றப் பக்கத்துக்கு மாத்தித் தரேலுமா?"

"ஏலாது அக்கா. மற்றப் பக்கம் தட்டைதானே. புதுசா ஒண்டு தான் அடிக்கோணும். ஸ்டீல் என்ன போட?"

"ஏதாவது போடுங்கோ."

"அக்கா தானா கதைக்கிறது?" என்று கேட்டார்.

மாமி ஈரக்கையாலேயே போனை வாங்கினார். "தம்பி, ஒண்ணும் வேணாம். எனக்குக் கத்தி இருக்கு." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கத்திக்கு ஒரு வலக்கை ஆள் தானே வேணும்? நீங்க வலக்கை. எனக்குத் தெரியும்."

ஆம், அவருக்குத் தெரியும். எந்த மீனில் எனக்கு எந்த முள் ஆபத்து என்பதும் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் யூட்டோடு சண்டை. "அம்மா இடக்கை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் எங்க கேட்டீர்? என்னட்ட கேட்டது முழுக்க துருவைப் பத்தித்தானே."

சரிதான். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதான் மாமியிடம் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. ஸ்டீலைப் பற்றி இணையத்தில் தேடலாம். யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். கையைப் பற்றி அறிய, அந்தக் கைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நம்மில் படித்தவர்கள் பலர் முதலாவதை எடுத்துக்கொண்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைக்கிறோம். நான் வைத்திருந்தேன்.

வெட்கம் குறைந்ததா? இல்லை. மாமி தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார் என்று யாராவது இன்று கேட்டால், நான் யூட்டைத்தான் பார்ப்பேன்.

இன்றைய நிலைமை: கத்தி கொட்டாஞ்சேனையில் இருக்கிறது, துருவில்லாமல். ஞாயிறு காலையில் பலகையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமி. அவருடைய பெருவிரல் ஆறிவிட்டது. கோடு மட்டும் தெரிகிறது. மாமி எடுக்கும் பாதி எனக்கு வருகிறது. நான் எடுக்கும் பாதி, மிச்ச முள்ளோடு, யூட்டுக்குப் போகிறது.

யூட் இப்போதெல்லாம் சாப்பிடும்போது கதைப்பதில்லை.