கையை நீட்டிய வெள்ளிக்கிழமை

போன வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு வேலைக்குக் கிளம்ப மனம் வராது. நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். மூன்று வயதில் ஒரு மகள். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை.

வெள்ளிதோறும் அங்கே பூஜை நடக்கும். முடிந்ததும் மேனேஜர் எல்லோருக்கும் தன் கையாலேயே திருநீறு பூசிவிடுவார். ஆண்களுக்கு ஒரே இழுப்பு. பெண்களுக்கு மட்டும், கண்ணில் விழக்கூடாது என்று இடது கையால் கண்களைப் பொத்துவார். பூசிவிட்டுக் குனிந்து நெற்றியில் ஊதுவார். பொத்திய கை கன்னம் வழியாகக் கழுத்துக்கு இறங்கும். அங்கேயே நிற்கும்.

முதல் தடவை, கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஐந்தாவது தடவையும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். அப்பா வயதுக்காரர். பூஜைத் திருநீறு வேறு. வேண்டாம் என்றால் சாமி குத்தம் ஆகிவிடுமோ? நான்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறேனோ? கூட வேலை பார்க்கும் மூத்த அக்காவிடம் சொன்னேன். "எல்லாருக்கும்தான் பூசுறாரு. உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார். கணவரோ வேலையை விட்டுவிடச் சொன்னார். தப்பு செய்தவர் நாற்காலியில் இருக்க, நான் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும்? இதைக் கணவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை மகள் விளையாட்டாகப் பின்னால் வந்து என் கண்களைப் பொத்தினாள். என்னை அறியாமல் அவளைத் தள்ளிவிட்டேன். கட்டில் விளிம்பில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் கைகூட எனக்குப் பயமாகிப் போயிருந்தது.

அந்த வாரமே சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூச்சொரிதல் தொடங்கி, நமக்காக அம்மாள் சமைத்த படையலை ஏற்காமல் பச்சைப் பட்டினி இருக்கும் நாட்கள். அந்த ஆளை எங்கேயாவது அனுப்பிவிடு தாயே என்று அழுதேன். கூட்டம் நெருக்கியது. குருக்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருநீற்றை உள்ளங்கையில் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். ஓரமாக வந்து நானே பூசிக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. அவள் சந்நிதியிலேயே என் நெற்றியை யாரும் தொடவில்லை.

அடுத்த வெள்ளி என் முறை வந்ததும் கையை நீட்டினேன்.

"கையில குடுங்க சார். நானே பூசிக்கிறேன்."

"ஏம்மா, நான் பூசுனா ஒட்டாதா?"

சிலர் சிரித்தார்கள். நான் கையை இறக்கவில்லை. போட்டார். அடுத்து நின்ற, ஆபீசில் கூட வேலை பார்க்கும் செல்வியும் கையை நீட்டினாள்.

இரண்டு வருடமாக, முடிந்த வெள்ளிகளில் எல்லாம் தலைவலி என்று அவள் லீவு போட்டிருக்கிறாள். அன்று மதியம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து ஆபீசின் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். குழுவில் இருந்த ஒரு அம்மாவே, "துண்ணூறு பூசுனதுக்கா புகாரு?" என்று கேட்டார். மூன்று மாதம் இழுத்தார்கள். எங்கே தொட்டார், எவ்வளவு நேரம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். கடைசியில் அந்த மூத்த அக்காவே போய், தனக்கும் நடந்தது என்று சொன்னார். அதன் பிறகுதான் மேனேஜரை நீக்கினார்கள்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு குடும்பஸ்தன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று இன்றும் காதுபடப் பேசுகிறார்கள். ஆனாலும் அதே வேலையில்தான் இருக்கிறேன், அம்மாள் புண்ணியத்தில். என்னைப் போல உள்ளுக்குள் புழுங்கும் சகோதரிகளே, அவளிடம் அழுது சொல்லுங்கள், கேட்பாள். சொல்லிவிட்டு வந்த அன்றே புகாரையும் எழுதிக் கொடுங்கள். நான் ஒரு வருடம் தாமதித்துவிட்டேன்.