மீன் தின்னலாம், பிடிக்கக் கூடாது

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், கொலோனில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் படம் போட்டார்கள். பழைய காலத்துக் குடும்பக் கதை. ஜெர்மன் படம். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மலைக் கிராமம், கடிகாரம் செய்கிற அப்பா, இரண்டு மகன்கள். அண்ணனும் தம்பியும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆற்றில் இறங்கினால் மட்டும் ஒன்றாகிவிடுவார்கள். இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி ஒன்றைச் செய்து, தூண்டிலில் மாட்டி, நீருக்கு மேலே சுழற்றிச் சுழற்றி வீசுகிற மீன்பிடி. கடைசியில் தம்பி போருக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. அண்ணன் தனியாக ஆற்றில் நிற்கிறான்... அவ்வளவுதான் கதை.

மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

பக்கத்துக் கதிரையில் சபாநாதன் அண்ணை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேடிக் களைக்க வேண்டாம்.) கைக்குட்டையை எடுத்துக் கண்ணை நன்றாகவே துடைத்தார்.

“என்ன ஒரு பாசம், தங்கச்சி! ஆத்துக்குள்ளை இறங்கினாப் பிறகு ரெண்டு பேருக்கும் கதையே தேவைப்படேல்லை, பாத்தியே?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஏன் தெரியுமா? அவருடைய மகள் மதுராவுக்கு நான்தான் ஒரு பெடியனைக் கலியாணம் பேசியிருந்தேன். பெயர் கஜன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. இருவரும் நாலைந்து தடவை சந்தித்து, பேசி, பிடித்துப்போய், நாள் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கஜனுக்கும் ஒரு தம்பி. துவாரகன். அவர்களுக்கும் ஓர் ஆறு!

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா இறந்த வருடம் துவாரகன் யூனிவர்சிட்டியைப் பாதியில் விட்டான். கஜன் வாய்க்கு வந்தபடி ஏசினான். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. தாய் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தாள்.

கஜனோடு வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரர்தான் அவனை மீன்பிடிக்குக் கூட்டிப் போனார். அதே ஈத் தூண்டில்தான். இந்த நாட்டில் நினைத்தவுடன் ஆற்றில் தூண்டில் போட முடியாது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுக்க வேண்டும். கஜன் எடுத்தான். அடுத்த சோதனைக்கான விண்ணப்பத்தில் தம்பியின் பெயரை எழுதி, அதையும் ஒரு தூண்டிலையும் கொண்டுபோய் அவன் வாசலில் நின்றான். ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

துவாரகன் சோதனை எழுதினான். பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் ஐஃபல் மலைப்பக்கம் ஓர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில், பத்து மீட்டர் தள்ளித் தள்ளி நின்றார்கள். முதல் இரண்டு கிழமை பேச்சில்லை. மூன்றாம் கிழமை தம்பியின் தூண்டிலில் மீன் மாட்டியதும், “அண்ணை, வலை! வலையைக் கொண்டு வா!” என்று கத்தினானாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். தாய் இப்போது ஒரு வீட்டுக்குத்தான் சாப்பாடு கட்டுகிறாள்.

இதை சபாநாதன் அண்ணையிடம் சொல்ல இதைவிட நல்ல நேரம் வருமா? படம் முடிந்து தேநீரும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்க முதல், அவர் என்னை நடைபாதைக்குக் கூட்டிப் போனார். கையில் போன். கஜன் இணையத்தில் போட்டிருந்த ஒரு போட்டோவை யாரோ சொந்தக்காரர் அப்போதுதான் அனுப்பியிருக்கிறார். அதில் துவாரகன் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பக்கத்தில் கஜன், வாயெல்லாம் பல்.

“இதென்ன தங்கச்சி? இவை மீன் பிடிக்கிறவையே?”

“ஓம் அண்ணை. இப்ப நாங்கள் பாத்தமே, அதே மாதிரி...”

“அது வெள்ளைக்காரன்ரை படம். இது வேறை. நாங்கள் விசாரிச்சதெல்லாம் சரியோ எண்டு இப்ப எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. இவை உண்மையிலை எந்தப் பகுதி?”

படம் பார்த்து அழுத அவர் கண் ஓரத்து ஈரம்கூட இன்னும் காயவில்லை ஐயா!

என்ன கேட்டார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஊரின் வரைபடத்தை அவர் கேட்கவில்லை. சாதியைக் கேட்டார். நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் மீன் பிடித்தால் அது பாசம், கலை, இயற்கையோடு ஒன்றுதல். நம்ம பெடியன் பிடித்தால் அது தொழில். தொழில் என்றால் பிறப்பு. இது என்ன கணக்கு? அண்ணை வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் மீன் குழம்பு. கூனி இறால் போட்ட முருங்கை இலை வறையை நானே அங்கே சாப்பிட்டிருக்கிறேன். தின்னலாம், பிடிக்கக் கூடாது. கடலில் இறங்கி உயிரைக் கொடுத்துப் பிடித்துத் தருகிறவன் நமக்குக் கீழே; தட்டை வழித்து நக்குகிற நாம் மேலே!

கஜனும் துவாரகனும் என்ன சாதி என்று இப்போது நீங்களும் ஒரு நொடி யோசித்தீர்கள், இல்லையா? சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? இதை எழுதவே கூசுகிறது. அவர் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசி வைத்த கலியாணம் குழம்பக் கூடாது என்று கஜனுக்கு போன் போட்டேன்.

“தம்பி, நீங்கள் போட்ட அந்த மீன் படத்தை எடுத்துவிடுங்கோ. கலியாணம் முடியும் மட்டும் ஆத்துப் பக்கம் போகாமல் இருங்கோ. பிறகு உங்கட விருப்பம்.”



“அன்ரி, படத்தை எடுக்கலாம். தம்பியை எங்கை ஒளிக்கிறது?”

அவனே தொடர்ந்தான். “அவன் திரும்பி வந்த இடம் அது. அது வெக்கம் எண்டு நான் அவனுக்குச் சொல்ல ஏலாது. மதுராவிட்டை நானே கதைக்கிறன்.”

கதைத்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து மதுராவே எனக்கு போன் எடுத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. அழுவாள் என்று நினைத்தேன். குரல் கொதித்தது.

“அன்ரி, அப்பாட்டை ஒரே ஒரு கேள்வி கேட்டன். அந்த ஜெர்மன் படத்திலை வந்த அண்ணன் என்னைப் பொம்பிளை கேட்டு வந்தால் குடுப்பீங்களோ எண்டு. ‘அது வேறை’ எண்டார். என்ன வேறை எண்டு கேட்டன். எழும்பிப் போயிட்டார்.”

அடுத்த சனிக்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு அந்த ஆற்றுக்கே போயிருக்கிறாள். துவாரகன் ஆற்றில் இறங்கப் போடுகிற தன் ரப்பர் காற்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கரையில் குந்தியிருக்க, அவள் கஜனுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்றிருக்கிறாள். லைசென்ஸ் இல்லை, ஆகவே தூண்டிலைத் தொடவில்லை. ரீச்சர் அல்லவா! அங்கிருந்தே எனக்கு மெசேஜ்: “ஷ்டாண்டெஸ்அம்ற்றிலை டெர்மின் எடுக்கப் போறம். நீங்கள் சாட்சியா வாங்கோ.” பதிவுத் திருமணத்துக்கு நாள் எடுக்கப் போகிறார்களாம்.

போனேன். மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு வெள்ளி காலை. மதுராவின் அம்மா வந்தார். கணவரிடம் சொல்லிவிட்டே வந்ததாகச் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கஜனின் தாய் அவர் கையைப் பிடித்து முன் வரிசையில் இருத்தினார். கையெழுத்துப் போடும்போது துவாரகன்தான் விம்மினான். அண்ணன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

சபாநாதன் அண்ணை வரவில்லை. வாசல் திறக்கும்போதெல்லாம் மதுரா திரும்பிப் பார்த்தாள். ஐந்து தடவை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண மனம் வரவில்லை.

நாட்டை இழந்து, வீட்டை இழந்து, காணி உறுதியையும் படிப்புச் சான்றிதழையும் வழியில் தொலைத்துவிட்டு, காட்டுக்குள்ளால் எல்லை கடந்து வந்த சனம் நாங்கள். எங்கள் அகதி விண்ணப்பத்தை வாங்கிய ஜெர்மன் அதிகாரி ஆயிரம் கேள்வி கேட்டார். சாதியை மனதில் வைத்து எந்தப் பகுதி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களில் எத்தனை பேர் கோபத்தில் துள்ளிக் குதித்திருப்போம்! அந்தக் கேள்வியை நாங்களே எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறோம். அதுவும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு.

அண்ணை, பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்மேல் உங்களுக்கு உள்ள கோவம் என்னோடு இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு போன் எடுங்கோ.