புரோக்கருக்குத் தெரியாமல் வாங்கப் போன மனை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். அப்போது பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறேன். அரியலூர் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டால், வீடு எப்போதாவது எழும்பிவிடும் என்று இடம் தேட ஆரம்பித்தோம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதால், பத்திரம், பட்டா எதுவும் புரியாது. எங்களுக்கு இடம் காட்டிய புரோக்கருக்கு ஏறக்குறைய என் வயதுதான். ஒரே மனைக்கு அவரை நான்கு தடவை வரவழைத்தேன். மழைத் தண்ணீர் நிற்குமா, புறம்போக்கா, ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்றுவிடுவார்களா என்று கேட்டதையே கேட்டேன்.

"அக்கா, நீங்க கேக்குறத பரீட்சையில கேட்டா கலெக்டரே பெயிலாயிடுவாரு" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பதிலும் சொல்வார். மனையின் சொந்தக்காரர் உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் பெரியவர் என்பதைக்கூட அவர்தான் சொன்னார்.

மனை மேட்டில் இருந்தது. தெற்கே ரோடு. எங்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வந்தாள்.

"புரோக்கரு ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குவான் அண்ணி. எடத்ததான் பாத்தாச்சுல்ல? நேரா ஓனர்ட்ட போங்க. அவன் என்னத்துக்கு நடுவுல?"

புரோக்கருக்குப் போன் செய்து, வேறு இடம் அமைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். "சரிக்கா, நல்லா இருங்க" என்றார். அன்றைக்கே உடையார்பாளையம் போனோம். இடத்தைப் பார்த்துவிட்டோம், பிடித்திருக்கிறது என்றோம். பெரியவர் பீரோவிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நகல் கொடுத்தார். நான் சும்மா விடுவேனா? வக்கீலிடம் காட்டி, வில்லங்கம் பார்த்து, எல்லாம் சுத்தம் என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன். காகிதத்தில் இருக்கும் மனையும் நாங்கள் மிதித்த மனையும் ஒன்றுதானா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பதிவு அன்று, பதிவு ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர் கடையில் பெரியவரோடு உட்கார்ந்திருந்தோம். கையெழுத்துக்கு முன் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். அவர் படிக்கத் தொடங்கும்போதுதான், வேறு யாருடைய பதிவுக்கோ வந்த அந்தப் புரோக்கர் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப் போகிறார் என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். படித்ததில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

"சரியா இருக்காம்மா?" என்று எழுத்தர் கேட்டார்.

"சரிங்க" என்றேன்.

"என்னக்கா சரி?" புரோக்கர் எழுந்துவிட்டார். "உங்க மனைக்குத் தெக்கால ஏதுக்கா வாய்க்கா? தெக்கால ரோடுல்ல இருக்கு? இவரு படிக்கிறது ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குற பள்ளத்து மனை!"

பெரியவருக்கு அந்த ரோட்டின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாக, எதிரெதிரே இரண்டு மனைகள் இருந்திருக்கின்றன. அவர் முகம் கறுத்துப்போனது. "மவன் எம் பேருல வாங்கிப் போட்டது தம்பி. நான் அந்தப் பக்கம் போயி ஏழெட்டு வருசமாச்சு. ரெண்டு பத்திரமும் ஒண்ணாத்தான் கெடந்துச்சு. எது எதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை. எந்தப் பத்திரம் எந்த மண்ணுக்கு என்று தெரிந்த ஒரே ஆளை நாங்கள்தான் கழற்றிவிட்டிருந்தோம்.

பத்து நாள் கழித்து, சரியான மனையைப் பதிந்தோம். இந்தத் தடவை புரோக்கரையும் கூட்டிப் போனோம். ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தேன். எதிர் மனையில் முழங்கால் அளவு தண்ணீர்.

பதிவு முடிந்த அன்றே, புரோக்கருக்குச் சேர வேண்டிய கமிஷனை வெற்றிலை பாக்கோடு நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

"வேணாங்குறதுக்கு நான் என்ன சாமியாராக்கா?" என்று சிரித்தபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நேரா போயி வாங்கிக்கிறோம்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாளு திட்டிட்டு மறந்துருப்பேன். வேற எடம்னு சொல்லிட்டீங்க. பொம்பளைங்ககிட்ட சைட்டுல ஏதும் தப்பா பேசிட்டமா, கலெக்டரு அது இதுன்னு கிண்டல் பண்ணது புடிக்கலையா... எங்க வூட்ல கேட்டுக்கிட்டே கெடந்தேங்க. அவ, தூங்குய்யான்னு ஏசுறா."

என்னை யார் ஏமாற்றுவார்கள் என்று மட்டும்தான் அத்தனை நாளும் பயந்திருந்தேன். என்னால் ஒருவர் தூங்காமல் புரண்டிருப்பார் என்று நினைத்ததே இல்லை.

இப்போதும் பயந்த சுபாவம் போகவில்லை. ஆனால் யாரையாவது வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், பயமாக இருந்தாலும் உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், என் பொய்யால் இன்னொருவர் கவலைப்பட்டுக் கிடக்கக் கூடாது என்று.