சாக்பீஸ் இல்லாத லைன்

நாற்பத்தாறு வயதில் வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "எத்தினி நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு முன் பதினாலு வருடம் ஒரகடத்தில், கார் கதவுக்கு உள்பக்கப் பலகை மாட்டும் கம்பெனியில் பர்மனென்ட் ஆளாக இருந்தேன். ஆட்கள் அதிகம் என்று கண்டுபிடித்த கம்பெனி, விருப்பமுள்ளவர்கள் விலகலாம் என்று ஒரு பேப்பரை நீட்டியது. எனக்கு உடனே விருப்பம் வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் சொந்த வீடு, மாடியில் வாடகைக்கு விட்ட மூன்று ரூம். பட்டினி கிடக்க மாட்டோம் என்ற தைரியத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஹாலில் தையல் மிஷின் இருந்த இடத்தில் வைத்தேன். தையல் மிஷின் மனைவியுடையது. பகை அங்கேதான் ஆரம்பம்.

வீடியோக்கள் பார்த்தே தொழிலைக் கற்றேன். சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் என் மகன் வயதுக்காரர்கள். நல்லவேளை, எனக்கு மகன் இல்லை. முதலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கேம் ஒன்று செய்தேன். இரண்டாவது வேகத்தடையில் ஆட்டோ மேலே கிளம்பி, திரும்பி வரவே இல்லை. அடுத்தது பைபாஸில் எருமைகளைச் சாலை கடக்க வைக்கும் கேம். எருமைகள் நடுரோட்டில் நின்றுவிட்டன. இது ஒன்றுதான் நிஜம்போல இருக்கிறது என்று என் மச்சான் சொன்னார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்புகிறவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னா மாப்ள, டிவி ரிப்பேரா?" என்று கேட்பார். ஒன்பது மாதமும் அதையேதான் கேட்டார்.

பொங்கல் முடிந்ததும் மனைவி கெடு வைத்தாள். ஆன்லைனில் குக்கர் வாங்கினாலும் மிதியடி வாங்கினாலும் அவள் முதலில் பார்ப்பது ஸ்டாரைத்தான்.

"ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாப்பேன். மூணு ஸ்டாருக்குக் கீழ இருந்தா மிக்சியையே நான் வாங்கறதில்ல. உன்ன மட்டும் வெச்சிக்குவேனா? எங்க அண்ணன்கிட்ட போய் நில்லு."

போய் நிற்பது என்றால் கான்ட்ராக்ட் தொப்பி மாட்டிக்கொண்டு மறுபடி லைனில் நிற்பது. பர்மனென்ட் ஆளுக்கு நீலத் தொப்பி, கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள். பதினாலு வருடம் நீலத்தில் இருந்துவிட்டு மஞ்சளுக்குப் போவது, அதுவும் மச்சான் கையால் வாங்கி மாட்டிக்கொண்டு போவது, எனக்குச் செத்துப்போவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தோன்றியது.

மூன்றாவது கேமை வெறியோடு செய்தேன். தெரிந்ததைத்தான் செய்வது என்று முடிவு செய்து, லைனையே செய்தேன். பெல்ட்டில் கதவுப் பலகைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஸ்க்ரூ போட வேண்டும். நடுநடுவே ஓட்டை தப்பாகப் போட்ட பலகை ஒன்று வரும். அதில் ஸ்க்ரூ ஏறாது. தடுமாறினால் பின்னால் வரும் பலகைகள் குவிந்து, ஆட்டம் முடிந்துவிடும். ஜெயிக்க ஒரே வழி, தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுப்பது. லைன் நிற்கும், தப்பான பலகை விலகும், அடுத்த லெவல் திறக்கும்.

அந்தக் கயிறு என் கற்பனை இல்லை. எங்கள் லைன் நெடுக அது தொங்கியது. தவறு கண்டால் இழு என்று பக்கத்திலேயே போர்டும் இருந்தது. சேர்ந்த முதல் நாள் வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

முடிந்ததும் மனைவியிடம் போனைக் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக வாங்கினாள். இரண்டாவது தப்புப் பலகையிலேயே கயிற்றை இழுத்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று திருப்பிக் கொடுத்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கயிறு தொங்கினு கீது, இழுத்தேன்" என்றாள். சரி, குழந்தைக்குக்கூடப் புரியும், விளக்கம் எதுவும் எழுத வேண்டாம் என்று அப்படியே ப்ளே ஸ்டோரில் ஏற்றிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். என் மனைவி வாழ்க்கையில் ஒருநாளும் லைனில் நின்றதில்லை.

மாடி ரூம்களில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாரும் தெற்கத்திக்காரர்கள், எல்லாரும் மஞ்சள் தொப்பி. நான் விட்டுவிட்டு வந்த அதே கம்பெனிக்குத்தான் போய் வந்தார்கள். மூத்தவர் கோவில்பட்டிப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழு பேரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, கேமை விளையாடச் சொன்னேன். பிரியாணி நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் வேறு எதுவும் நன்றாக இல்லை.

ஸ்க்ரூ போடுவதில் ஏழு பேரும் புலிகள். கைவேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. தப்புப் பலகை வந்ததும் ஏழு பேரும் ஒரே காரியம் செய்தார்கள். பலகையின் மூலையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். திரையில் மேலும் கீழும் எதையோ தேடினார்கள். அதற்குள் பலகைகள் குவிந்தன. ஏழு பேரும் தோற்றார்கள். மறுபடி ஆடினார்கள், மறுபடி மூலையைத் தட்டினார்கள், மறுபடி தோற்றார்கள்.

கடைசியில் கோவில்பட்டிக்காரர் கேட்டார். "சாக்பீஸ் எங்கண்ணே?"

கயிற்றை இழுத்தால் என்ன ஆகும் என்று லைனில் நின்றவனுக்குத்தான் தெரியும். ஷெட் முழுக்க ஒரு பாட்டு ஒலிக்கும். லைட் சுற்றும். சூப்பர்வைசர் ஓடிவருவார், அவர் பின்னால் அவருடைய சூப்பர்வைசர். ஏன் நின்றது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து தடவை ஏன் கேட்கும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். ஐந்தாவது ஏனுக்குப் பதில் எப்போதும் இழுத்தவனாகத்தான் இருப்பான். அதனால் எவனும் இழுப்பதில்லை. தப்புப் பலகை வந்தால் மூலையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிடுவோம். லைன் கடைசியில் நிற்கிறவன் குறியைப் பார்த்து எடுத்து வைப்பான். எல்லார் பாக்கெட்டிலும் சாக்பீஸ் இருக்கும். பதினாலு வருடம் என் பாக்கெட்டிலும் இருந்தது. கேம் செய்யும்போது அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். போர்டில் எழுதியிருந்தது மட்டும் நினைவில் இருந்திருக்கிறது.

கயிற்றை இழுக்க வேண்டும் என்று சொன்னேன்.

"நீங்க இழுத்திருக்கீயளா?" என்றார் கோவில்பட்டிக்காரர்.

நான் ஒரு ஜோக் சொன்னேன். எட்டாமல் உயரத்தில் கட்டியிருந்தார்கள் என்றோ என்னவோ. ஒருவரும் சிரிக்கவில்லை.

"இழுத்தீயளா, இல்லையா?"

"இல்ல."

"நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நீங்களே இழுக்கல. நாங்க இழுத்தா மறுநாள் கேட்டுலயே கார்ட வாங்கிக்கிடுவான். அது தெரிஞ்சும் கயித்த மட்டும் வச்சிருக்கீய. எங்களக் கேலி பண்ணுததுக்கா பிரியாணி போட்டீய?"

இலையை மடித்துக்கொண்டு எழுந்தார். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஏழு ஒற்றை ஸ்டார்கள் விழுந்தன. ஒருவர், சாக்பீஸ் இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், செய்தவருக்கு லைன் தெரியாது என்று எழுதியிருந்தார். அதை எழுதியவர் ஆறு மாதத்துக்கு முன்னால் என்னிடம்தான் ஸ்க்ரூ கன் பிடிக்கும் விதத்தைக் கேட்டுக்கொண்டு போனார்.

உலகம் முழுக்க என் கேமுக்கு ஸ்டார் போட்டவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். மனைவியையும் என் தங்கைகளையும் கழித்தால் மிஞ்சுவது மாடிதான். என் ஒன்பது மாதம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நானும் சும்மா இருக்கவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஷிப்ட் முடிந்து அவர்கள் குளிக்கும் நேரம் பார்த்துத் தண்ணி மோட்டார் சுவிட்சை அணைத்தேன். மூன்று நாள் அணைத்தேன். பதிலுக்கு என் ஸ்கூட்டர் சீட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள், சாக்பீஸால். நான்காம் நாள் மனைவி மோட்டார் ரூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "வாடகைக்கு இருக்கறவங்கள விரட்டிட்டு இன்னாத்த துன்றது, உன் கேமையா?"

ஆனி கடைசியில் கோவில்பட்டிக்காரரே இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார், உட்காரவில்லை. கயிற்றை எடுத்துவிட்டுச் சாக்பீஸ் வைத்தால் ஏழு பேரும் அஞ்சு ஸ்டார் போடுவதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்றைத் தாண்டிவிடும். வேலையும் பெரிதில்லை. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

முடியாது என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்டார். அந்த ஒரு ஏனுக்கே என்னிடம் பதில் இல்லை, ஐந்துக்கு எங்கே போவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பதினாலு வருடம் நான் செய்யாததை, சம்பளமில்லாமல் மற்றவர்களைச் செய்யவைக்கப் பார்த்தேன் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம், கயிற்றை எடுத்துவிட்டால் அந்தக் கேமில் நான் செய்தது என்று ஒன்றும் மிஞ்சாது என்பதுதான். அதைச் சொல்ல வாய் வராமல், "என் கேமு, என் இஷ்டம்" என்றேன். "அப்ப நீங்களே வெளாடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மனைவி அன்றைக்குச் சோற்றைத் தட்டில் போடவில்லை, வைத்தாள். வித்தியாசம் கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்று வல்லக்கோட்டைக்குப் போனோம். கோயில் வரிசை நகரவே இல்லை. எங்களுக்கு முன்னால் காவடி எடுத்தவர்கள், பின்னால் மச்சான். மனைவி போனை எடுத்துப் பார்த்தாள். முருகனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"மூணுகூட இல்ல" என்று அண்ணனிடம் காட்டினாள்.

மச்சான் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். சந்தோஷத்தை மறைக்க அவர் கஷ்டப்படவில்லை. "உட்றா மாப்ள. திங்கக்கிழம வந்துடு. தொப்பி நானே தரேன்." சாமி கும்பிடும்போது என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. பக்கத்தில் மச்சான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

திங்கள் காலை மஞ்சள் தொப்பியோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். மாடிக்காரர்கள் ஏழு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றுகொண்டே போனேன். அங்கே இன்னொரு யூனிட்டுக்குப் போகிற சிலர் இறங்க, கோவில்பட்டிக்காரருக்குப் பக்கத்து சீட் காலியானது. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அவர்கள் என் கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தப்புப் பலகையை விட்டுவிட்டு மற்றதை மாட்டி, கயிற்றைத் தொடாமல் எத்தனை பலகை தாங்குகிறது என்று போட்டி. முதல் லெவலுக்குள்ளேயே அவர்களாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். நல்ல கேம். எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் நூற்றுப் பதினெட்டில் தோற்றுவிட்டு, போனை என் பக்கம் நீட்டினார். என் தொப்பியை ஒருமுறை பார்த்தார்.

"ஸ்டார மாத்த மாட்டேன். வெளாடுதீயளா?"

வாங்கினேன். முப்பதாவது பலகை வரை தாக்குப்பிடித்தேன். முப்பத்தொன்று தப்புப் பலகை. எங்கே தொட்டால் லைன் நிற்கும் என்று அந்தப் பஸ்ஸில் என்னைவிடத் தெரிந்தவன் யாருமில்லை. விரல் மேலே போனது. ஏழு பேரும் சீட்டுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரலைக் கீழே இறக்கி, பலகையின் மூலையைத் தட்டினேன்.