அக்னி மூலை

ரெத்தினத்துக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் குறைவு; வாஸ்து நம்பிக்கை கொஞ்சம் அதிகம். குடவாசல் பக்கத்தில் கூரை வீட்டில் பிறந்து, அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்து, பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து, கடைசியில் சொந்தமாக நெல் உலர்த்தும் கொட்டகை போட்ட மனிதர். அவருடைய தகப்பனாருக்கு மூலை பார்த்து வீடு கட்டும் கொடுப்பினை இல்லை. அடுத்தவர் விட்ட இடத்தில் நாலு கழி நட்டுக்கொண்டார். மகனுக்கென்று ஒரு மனை வாய்த்ததும் அதன் மூலைகள் மேல் அப்படியொரு பிடிப்பு வந்துவிட்டது. யார் குறை சொல்ல முடியும்?

கொட்டகையின் தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில், செங்கல் வைத்துக் கட்டிய உமி அடுப்பு இருந்தது. அதன் அனலை ஒரு பெரிய விசிறி தகரக் குழாய் வழியாகத் தள்ளி, நெல் கொட்டிய இரும்புப் பெட்டிக்குள் அனுப்பும். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டால் சுற்றுவட்டாரமே அங்கே வந்துதான் நெல்லை இறக்கும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

அடுப்புக்கு உமி தள்ளுவது அவர் மனைவி பூவிழியின் வேலை. வருடக்கணக்கில் அந்தப் புகையில் நின்றதில் இருமல் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. கும்பகோணத்து டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “புகைய விடலேன்னா ரொம்ப நாள் தாங்காதும்மா” என்றார். ஊர் திரும்பிப் பேருந்தை விட்டு இறங்கும்போது, “அந்த அடுப்பு இனிமே வேணாம்” என்றார் ரெத்தினம்.

அப்படித்தான் ஹீட் பம்ப் வந்தது. ஏசி மெஷினின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைப் பிடித்து, குழாய் வழியாக நெல்லுக்கு அனுப்பும். புகை இல்லை, சாம்பல் இல்லை. கரண்டு மட்டும் வேண்டும். மாட்ட வந்த தஞ்சாவூர் இன்ஜினீயர் பரணிதரன் நல்ல பிள்ளை.

“பழைய அடுப்பு அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. மெஷின வடக்குப் பக்கம் வச்சு அதே குழாயில சேத்துடலாம். என்னிக்காவது கரண்டு போச்சுன்னா விசிறிய டிராக்டர்ல ஓட்டி அடுப்புல காய வச்சுக்கலாம்” என்றார்.

“வடக்கு குபேரன் எடம் சார். அங்க அனல வச்சா வெளங்குமா? சூடுன்னா அக்னி மூலையிலதான் இருக்கணும்.”

“இதுல நெருப்பே கெடையாதுங்களே.”

“சூடு வருதுல்ல?”

பரணிதரன் அளவு நாடாவைத் தென்கிழக்குப் பக்கம் இழுத்தார். கல்லூரியில் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை போலும்.

அந்த மூலையில் மெஷினுக்கு இடம் விட அடுப்பை இடித்தார்கள். முதல் கடப்பாரை விழுந்தபோது பூவிழி சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. செங்கல்லைச் சேறு மிதிபடும் வாசல் பாதையில் பதித்தார்கள். அடுப்பிலிருந்த இரும்பெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. அந்த வருடச் சம்பா பதமாகக் காய்ந்தது. பூவிழியின் இருமலும் மட்டுப்பட்டது. ரெத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு மெஷினைக் காட்டினார்.

அடுத்த குறுவையில்தான் வினை வந்தது. ரெத்தினத்தின் அக்கா வேம்பு, புருஷன் போன பிறகு தனியாளாக நின்று செய்த முதல் சாகுபடி அது. நிலக்காரர் அரைமனதாகத்தான் குத்தகையை அவள் பேரில் விட்டிருந்தார். நெல் விலை போய்க் குத்தகை அளந்தால் நிலம் நிற்கும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். அறுப்பு மெஷின் வயலை விட்டு ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த நெல்லை அக்கா நேரே தம்பியிடம் கொண்டு வந்தாள். “நீ இருக்கும்போது எனக்கென்னடா கவல” என்றாள்.

அன்றிரவே புயல் அடித்தது. வயல் நெடுக மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்டு வர ஒரு வாரமாவது ஆகும் என்று லைன்மேன் கையை விரித்தார். ஜெனரேட்டர் தேடி ரெத்தினம் குடவாசல், கும்பகோணம் என்று அலையாத தெரு இல்லை. அந்த மெஷினை இழுக்கும் அளவுக்குப் பெரியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் மண்டபத்துக்கும் முன்பே போய்விட்டன. திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கி நெல்லுக்குள் கையை விட்டார். உள்ளே சுட்டது. நெல் அவியத் தொடங்கிவிட்டது.

“ஏங்க, அடுப்ப மூட்டுங்க. நான் நிக்கிறேன்” என்றாள் பூவிழி.

“எந்த அடுப்ப?”

அவர் கேட்ட பிறகுதான் அடுப்பை இடித்தது அவளுக்கு நினைவு வந்தது.

ரெத்தினம் வாசல் பாதையிலிருந்த செங்கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். பைத்தியம் பிடித்தவர் போலத்தான் இருந்தது. ஆனால் சும்மா நிற்க அவரால் முடியவில்லை. குழாயின் வாயருகே சேறு குழைத்து ஒரு அடுப்பு எழுப்பினார். விசிறியை டிராக்டரில் பூட்டினார். ஆலையிலிருந்து அள்ளி வந்த உமி நனைந்திருந்தது. அனல் வரவில்லை, புகைதான் கொட்டகையை அடைத்தது. அதற்குள் பூவிழி அடுப்பு வாயில் வந்து நின்றுவிட்டாள். போடி என்றாலும் போகவில்லை. உமியைத் தள்ளினாள், இருமினாள், மறுபடி தள்ளினாள். இருமலில் மடங்கிச் சுவரைப் பிடித்தவளைப் பார்த்துவிட்டு, வேம்பு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் ஊற்றினாள்.

“என் நெல்லுக்கு இவள எரிக்கப் போறியாடா?”

அதற்கு மேல் யாரும் எதுவும் செய்யவில்லை. நெல் முளைக்க ஆரம்பித்தது. அன்றாடம் அதைக் கிளறிப் பார்ப்பதே ரெத்தினத்துக்குத் தண்டனையாகிவிட்டது. பெண்டாட்டியைக் காப்பாற்றப் போய் அக்காவைக் கெடுத்தோமே என்று மருகினார். அதுகூடப் பரவாயில்லை. அடுப்பை விட்டுவைத்திருந்தாலும் பூவிழிக்கு ஒரு குறையும் வந்திருக்காது. மூலைக்காக இடித்தது அது. அந்த எண்ணம்தான் அவரைச் சோறு இறங்க விடாமல் அறுத்தது.

ஒரு காலையில் கரண்டு வந்தது. மெஷின் ஒழுங்காக ஓடியது. முளைத்துப் பின்னிக் கிடந்த நெல்லை ரெத்தினம் கூடையில் அள்ளி அள்ளிப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். பூவிழி தடுக்கவில்லை.

வேம்பு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கவில்லை, அழுது முடித்திருந்தாள்.

“நெலத்த விட்டுட்டேன்னு நெலக்காரர்ட்ட சொல்லிட்டு வந்துட்டேன். இது மாட்டுக்குத்தான் ஆவும். கரண்டு வீணாப் போவுது, நிறுத்து தம்பி.”

“காயட்டும்க்கா” என்றார் ரெத்தினம், அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு.