முதல் பெஞ்சின் நாலாவது இடம்

கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்துக் கசக்கும்போது எழுகிற பச்சை வாடை எங்காவது மூக்கில் ஏறினால் போதும், தக்கலைக்குக் கிழக்கே வயல் நடுவில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு கண்முன் வந்து நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அந்தச் சாற்றைப் பூசிக் கரும்பலகையைக் கறுப்பாக்குவது முதல் பெஞ்சுக்காரர்களின் உரிமை. கையெல்லாம் கரியாக ஊர்வழி நடந்து வீட்டுக்குப் போவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெஞ்சில் இடம் கிடைப்பது லேசல்ல. நாங்கள் "சாரு" என்று கூப்பிடும் எங்கள் வாத்தியார் ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் மார்க்குப்படி எங்களை இடம் மாற்றுவார். முதல் நாலு பேர் முன்னால், அடுத்த நாலு பேர் அதன் பின்னால், இப்படியே போய், ஒன்றும் தேறாததுகள் சுவரோரத்துக் கடைசிப் பெஞ்சில். "பின்னால இருந்தாத்தான் முன்னால வர ரோசம் வரும்" என்பார். நான் நாலாவது, அதாவது முதல் பெஞ்சின் ஓரம். என்னைவிட ஒரு வயது மூத்தவளும், ஒருமுறை தோற்றுப்போனதால் என் வகுப்பிலேயே வந்து சேர்ந்தவளுமான என் அக்கா செண்பகம், கடைசிப் பெஞ்சு.

அக்காவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. இது எனக்குத் தெரியும். வரப்பில் நடக்கும்போது எதிரே வருவது அப்பாவா மாட்டுக்காரரா என்று என்னிடம்தான் கேட்பாள். "சாரு கை ஆடுகது தெரியும். எழுத்து ஒண்ணும் தெரியல்லட்டி, மாவு கொட்டுன மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா, சுளவுக்குள் முகத்தைப் புதைத்ததுபோலக் குனிந்து, வேறு யார் கண்ணிலும் படாத பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசிக் காதுல ஒரே குத்துல நூலு கோக்குத பிள்ள. அவ கண்ணுக்கு என்னட்டி கேடு? படிக்க மடி, வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. மடி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். கிட்டத்தில் பொடிக்கல் தெரிகிறவளுக்கு எட்டத்தில் கரும்பலகை தெரியாமல் போகும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்டையில்தான் குறை என்று முடிவாயிற்று.

ஒருநாள் சாரு பலகையில் ஒரு வரியைப் பிரம்பால் தொட்டு, அக்காவை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் கண்ணை இடுக்கி, மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏட்டி, எனக்கே பழிப்பு காட்டுதியா?" என்று நேரே போய் உள்ளங்கையில் இரண்டு வைத்தார். வைத்தபின் மனசு கேட்கவில்லையோ என்னவோ, முன்னால் வந்து என்னை எழுப்பி, அக்காவைப் பார்க்கத் திரும்பி நிற்கச் சொன்னார். "சொல்லு, உங்க அக்காளுக்கு வீட்டுல புஸ்தகம் வாசிக்க வருமா, வராதா?"

வரும். சிமினி விளக்கடியில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு என்னைவிட வேகமாக வாசிப்பாள். அதைச் சொன்னால், பலகைக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும் என்று சாரு அவளை முன்னால் கூட்டி வந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. பெஞ்சில் நாலு பேருக்குத்தான் இடம். நாலாவது ஆள் நான்.

"வராது சாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பாவி.

அக்கா அந்த வருஷமும் தோற்றாள். "ஒரே கிளாஸ்ல எத்தன காலம் இருப்பா? வீட்டுல நிக்கட்டு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் அழுததாக நினைவில்லை. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சுளவை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஜில்லா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வருஷம், ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் எட்டப் பார்வை மங்கியது. ஒரு டீச்சர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினார், நாகர்கோவிலில் கண்ணாடி வாங்கித் தந்தார்கள். கொண்டுவந்த அன்று விளையாட்டுக்கு அதை அக்கா போட்டுப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்தை ஒன்றுவிடாமல், உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே என்னிடம் திரும்பினாள்.

"அப்பம் எனக்கு மண்டையில கேடு இல்லியாட்டி?"

அப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்ட பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று அம்மா அதை வாங்கி என்னிடமே தந்துவிட்டாள். அவளுக்கென்று ஒரு கண்ணாடி வந்தது இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. மார்க்குப்படி உட்கார வைக்கிற வழக்கமும் போய்விட்டது, கரும்பலகைக்குக் கோவை இலை பூசுகிறவரும் இல்லை. என் பேத்தியின் பள்ளியில் ஆண்டுதோறும் வந்து கண் பார்க்கிறார்களாம். அக்கா நன்றாக இருக்கிறாள். தடித்த கண்ணாடியோடு பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். போன மாதம் நாங்கள் ஆளுக்கொரு தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திடீரென்று அந்த நாளைப் பற்றிக் கேட்டாள்.

"அண்ணைக்கு நீ சாருக்குப் பயந்துதான அப்படிச் சொன்னே? அழுதுகிட்டே நின்னிருப்பே, என்னட்டி? எனக்குத்தான் உன் முகம் தெரியல்ல."

இப்போது அவளுக்கு என் முகம் நன்றாகத் தெரியும். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா" என்றேன்.