ராமுத்தாய் மேல் இறங்கியது

பட்டாசுக் கம்பெனி கேட்டில் பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. கொண்டை ஊசி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் வெடிமருந்துப் பக்கம் போய்விடக் கூடாது. இந்தக் கருப்பம்மாளுக்குப் பெத்த தாய் மேலேயும் சந்தேகம் என்று வேன் முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும். எல்லாரையும் நம்புகிறவளை அந்தக் கேட்டில் நிறுத்தினால் கம்பெனி தாங்காது.

ராமுத்தாய் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது இரண்டாயிரத்து ஆறில், தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்துதான் அவளும் வேனில் வருவாள். சரவெடி பின்னுகிறவள். கை வேகமாக ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். அப்படிப்பட்டவள் காலையில் வேனைவிட்டு இறங்கும்போதே தள்ளாடினாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். சோத்துத் தூக்கை வேனில் வைத்துவிட்டு, யாரோ திருடிவிட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். குடிக்கிறாளோ என்று சோதிக்கிற சாக்கில் வாயை மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்தான் அடித்தது. புருஷன் கோட்டைச்சாமி சாப்பாட்டில் எதையும் கலக்கிறானோ என்று அடுத்த சந்தேகம். அவன் கெட்டவன் இல்லை, பெருமைக்காரன். பெருமைக்காரர்களை நான் நம்புவதில்லை.

ஒரு நாள் அவள் மடியில் முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தால் மாத்திரை அட்டை. சத்து மாத்திரை என்றாள். யார் காதில் பூச்சுற்றுகிறாள்? சத்து மாத்திரையை எவளாவது மடியில் ஒளிப்பாளா? ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய் உலுக்கினேன். அழுதுவிட்டாள்.

முன்பு வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தபோது அங்கே வெடி விபத்து. பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள். அதற்கப்புறம் இவள் கண்ணை மூடினாலே அந்தச் சத்தம். ஒரு டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் மட்டும் போடு, அப்புறம் வந்து என்னைப் பார் என்றிருக்கிறார். தூக்கம் வந்துவிட்டது, இவள் திரும்பப் போகவில்லை. காலி அட்டையை ஒரு மருந்துக்கடையில் நீட்டினாள். அவனும் சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் வருஷக்கணக்கில் கொடுத்திருக்கிறான். போகப்போக ஒன்று பத்தாமல் இரண்டாயிற்று. கை நடுக்கத்துக்கு என்று மத்தியானமும் ஒன்று சேர்ந்துகொண்டது. அந்தக் கடைக்காரன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தள்ளாடுகிறவளை வெடிமருந்துப் பக்கத்தில் உட்காரவைத்தால் அவளோடு போகாது, கூட இருக்கிறவர்களும் போவார்கள். போர்மேன் சீனிவாசகத்திடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றவைத்தேன். டாக்டரைப் போய்ப் பார் என்று அவளிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டாளா? ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து வருவதாக வேண்டிக் காப்புக் கட்டினாள். இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, இருந்ததை எல்லாம் வாய்க்காலில் கொட்டினாள். எங்கள் பக்கம் பீடியையும் கறியையும் இப்படித்தான் விடுவார்கள், ஆத்தா பேரைச் சொல்லி ஒரே நாளில். இதையும் அப்படியே விட்டுவிட்டாள்.

அதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. வேர்த்து ஊற்றியது. உடம்பில் எறும்பு ஊர்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தாள். விரதத்தின் உக்கிரம் என்றான் கோட்டைச்சாமி. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அவள் கூடவே நடந்து போனேன்.

பாதி வழியில், நல்ல வெயிலில், ராமுத்தாய் ஒரு சத்தம் போட்டுக் கீழே விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கோட்டைச்சாமி கும்பிட்டபடி, ஊருக்கு எப்போது மழை என்று கேட்கிறான்!

சாமியாட்டம் நான் பார்க்காததா? இவள் கண் மேலே சொருகியிருந்தது. நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. சேலை நனைந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். தொட்டால் சாமி குத்தம் என்று கோட்டைச்சாமி குறுக்கே வந்தான்.

"குத்தம் எனக்கே வரட்டும். நீங்க போயி வண்டியப் புடிங்க," என்றேன்.

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற யாரையும் விடவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவிடம் மாத்திரைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். வலிப்பு வந்ததே மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியதால்தான் என்றார். நாள்பட்டுப் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடுமாம். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து, திரும்பக் கொடுத்துத்தான் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். அவர் மேலேயும் எனக்குச் சந்தேகம். கடைக்காரன் கொடுத்ததைத்தானே நீங்களும் கொடுக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவன் கூட்டிக்கொண்டே போனான், நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துக் குறைப்பேன் என்றார். கூடவே வேறு எந்தத் தூக்க மருந்தும் ஆகாது, முழுக்கக் குணமாகிற வரைக்கும் வெடிமருந்துப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார்.

நினைவு தெளிந்த ராமுத்தாய், மாத்திரையை நீட்டியதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "ஆத்தாகிட்டச் சத்தியம் பண்ணிட்டேன் மதினி. செத்தாலும் தொடமாட்டேன்."

"ஏ ராமு, ஆத்தா ஒன்னைய விடத்தான சொன்னா? சாகவா சொன்னா?"

கையில் கட்டிய காப்பைத் தொட்டு, கொஞ்சங் கொஞ்சமா விட்டுருதேன் ஆத்தா என்று முனகிவிட்டு வாயைத் திறந்தாள்.

முழு மாத்திரை பாதியாகி, பாதி காலாக மாதங்கள் ஆயின. தூங்காமல், எரிந்து விழுந்து, என்னை வாய்க்கு வந்தபடி ஏசிய நாட்களும் உண்டு. அடுத்த ஆடி வருவதற்குள் சுத்தமாக விட்டுவிட்டாள். டாக்டரம்மாவே போதும் என்று சொல்லி நிறுத்தினார்.

இதற்கிடையில் கோட்டைச்சாமி, பெண்டாட்டி மேல் ஆத்தா இறங்கினாள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டான். அந்த ஆடியில் எலுமிச்சம்பழத்தோடு பெண்கள் அவள் வீட்டு வாசலில் கூடி அருள்வாக்குக் கேட்டார்கள். பேசாமல் இருந்திருந்தால் ஊரே அவள் காலில் விழுந்திருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு என்னையப் போட்டு ஆட்டுனது ஆத்தா இல்ல. மாத்திர," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டைச்சாமி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான். பெண்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். இவள் ஆத்தாவையே மறைக்கிறாள் என்று அதிலும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

ஒருத்தி மட்டும் போகவில்லை. எங்கள் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற பாண்டிலட்சுமி. அவள் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. எழும்பாத குரலில் பேசினாள்.

"நானும் போடுறேன்க்கா. பயமாருக்கு. வீட்டுல இருக்குறதெல்லாம் இப்பவே போயி வாய்க்கால்ல கொட்டிருதேன்."

ராமுத்தாய் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"கொட்டிறாத. நாளைக்கு எங்கூட சாத்தூருக்கு வா."